முப்பதாவது படியில் பிடிக்கும் நெஞ்சு: மாத்திரையா, ஸ்டென்டா, பைபாஸா?

சுவாமிமலைக் கோயிலுக்கு ஏற 60 படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு தமிழ் வருடத்தின் பெயர். முதல் படி பிரபவ, கடைசிப் படி அட்சய. என் பெரியப்பா 1956-இல், துர்முகி வருடத்தில் பிறந்தவர். அது முப்பதாவது படி. மாதக் கிருத்திகைக்குத் தவறாமல் ஏறுகிறவர், ஒருநாள் கடைக்கு வந்து சொன்னார்: “நான் பொறந்த படிக்கு வந்தா நெஞ்சைப் பிடிக்குதுடா. நின்னா விட்டுடுது. மறுபடி ஏறினா அட்சயத்துக்குள்ள இன்னொரு தரம் பிடிக்குது.”

நான் கும்பகோணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் இப்படி ஒருவர் சொன்னால் என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அன்று நான் எடுத்துக் கொடுத்தது வாயு மருந்து. இரண்டு மாதம் அதைத்தான் குடித்தார். நடுவில் ஒரு கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்து, “நார்மலா இருக்கு, கேஸ்தான்” என்றார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி., இந்த நோயில் பாதிப் பேருக்கு நார்மலாகவே வரும் என்பதை அப்புறம்தான் படித்தேன்.

பெரியப்பாவுக்கு இருந்ததன் பெயர் ஸ்டேபிள் ஆஞ்சைனா. தமிழில் நிலையான நெஞ்சு இறுக்கம் எனலாம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருந்து, உழைக்கும்போது ரத்தம் போதாமல் வருகிற வலி. ‘நிலையான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே படி, அதே அளவு வேலை, அதே மாதிரிப் பிடிப்பு, நின்றால் ஐந்து நிமிடத்துக்குள் விட்டுவிடும். டாக்டர்கள் பார்ப்பது மூன்று விஷயம்: நெஞ்சின் நடுவில் அழுத்தமோ இறுக்கமோ இருக்கிறதா, உழைப்பிலோ மனப் பதற்றத்திலோ வருகிறதா, ஓய்விலோ நாக்கடி மாத்திரையிலோ போகிறதா. மூன்றும் இருந்தால் இதயமாக இருக்க வாய்ப்பு அதிகம். வாயுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. அது படியை எண்ணாது. விரல் வைத்து ‘இதோ இங்கே’ என்று காட்ட முடிகிற, அமுக்கினால் வலிக்கிற வலி பெரும்பாலும் தசை வலி. ஆஞ்சைனாக்காரர்கள் விரலால் காட்ட மாட்டார்கள், உள்ளங்கையையோ மூடிய முஷ்டியையோ நெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள். பெரியப்பாவும் அப்படித்தான் காட்டினார். நான்தான் பார்க்கவில்லை.

சிலருக்கு நெஞ்சே பிடிக்காது. தாடையில், தொண்டையில், இடது கையில் வரும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடந்தால் சீக்கிரம் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வெறும் மூச்சிரைப்பாகவோ அசதியாகவோ வந்து ஏமாற்றும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ‘நிலையான’ வகைக்கு மட்டும்தான். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலும், முப்பதாவது படியில் வந்தது பத்தாவது படிக்கு இறங்கிவிட்டாலும், வியர்த்துக் கொட்டி இருபது நிமிடம் நீடித்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள்.

எந்தப் பரிசோதனை?

முதலில் ரத்தப் பரிசோதனைகளும் எக்கோவும். இதில் விவாதமே இல்லை. ஹீமோகுளோபின் குறைந்திருந்தாலே நெஞ்சு பிடிக்கும், தைராய்டு ஏறியிருந்தாலும் பிடிக்கும். எக்கோவில் இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்று தெரியும். பின்னால் எடுக்கும் முடிவுக்கு அந்த எண் முக்கியம்.

அதற்கப்புறம் மூன்று வழி. டிரெட்மில் என்கிற டி.எம்.டி., சி.டி. ஆஞ்சியோ, கையிலோ தொடையிலோ குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோகிராம்.

டி.எம்.டி. மலிவு, எந்த ஊரிலும் உண்டு. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். எத்தனை நிமிடம் நடக்க முடிந்தது என்பதே ஒரு நல்ல தகவல். நீண்ட நேரம் நடந்தவர்களுக்கு வருங்காலம் பொதுவாக நன்றாக இருக்கும். ஆனால் இல்லாததை இருப்பதாகவும் இருப்பதை இல்லாததாகவும் காட்டுகிற பழக்கம் அதற்கு உண்டு, பெண்களிடம் குறிப்பாக. முட்டி வலிக்காரர்களால் முடியாது. சில ஈ.சி.ஜி. கோளாறுகள் இருந்தால் முடிவே செல்லாது.

சி.டி. ஆஞ்சியோ அடைப்பை நேரே படம் பிடிக்கிறது. ‘ஒன்றும் இல்லை’ என்று அது சொன்னால் பெரிய குழாய்களைப் பொறுத்தவரை நிம்மதியாக நம்பலாம். 2018-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில் 4,146 பேரைப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு சி.டி.யும் எடுத்தவர்களில், ஐந்து ஆண்டுகளில் மாரடைப்பு வந்தவர்களும் இதய நோயால் இறந்தவர்களும் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9. படம் வைத்தியம் செய்வதில்லை. படத்தைப் பார்த்ததும் சரியான ஆட்களுக்குச் சரியான மாத்திரை போனதுதான் வித்தியாசம் என்கிறார்கள். குறை என்றால், சாய ஊசி போட வேண்டும், அதனால் சிறுநீரகம் சரியா என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். நாடித் துடிப்பைக் குறைத்த பிறகுதான் எடுக்க முடியும். குழாயில் சுண்ணாம்பு நிறையப் படிந்திருந்தால் அடைப்பைப் பெரிதாகக் காட்டும்.

குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் துல்லியம். ஆனால் அதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு மருத்துவமனையில் என் வாடிக்கையாளர் ஒருவரோடு போயிருந்தேன். கேத் லேப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளேயிருந்து ஈய உடுப்போடு ஒருவர் வந்து, “அட்டெண்டர் யாரு? வாங்க” என்று கூட்டிப்போய்த் திரையைக் காட்டினார். கறுப்புக் கோடு ஒன்று ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. “90 பர்சென்ட். இப்பவே ஸ்டென்ட் வெச்சுடலாமா?” அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பிவலைக் குழல்தான் ஸ்டென்ட். வாடிக்கையாளரின் மனைவி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். படுக்கையில் இருப்பவருக்கு அரைமயக்கம். கையெழுத்துப் போட ஐந்து நிமிடம். அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்கிற மனுஷன் யார்? தப்பு நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் நிலையான ஆஞ்சைனாவில் இந்தக் கேள்வியை முந்தின நாளே, உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு பேசியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது.

பெரியப்பா டி.எம்.டி.யில் இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிட்டார், ஈ.சி.ஜி. கோடும் இறங்கியது. அட்மிட் ஆகிவிடுங்கள் என்றார்கள். நாங்கள் இன்னொரு இதய மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் சி.டி. எடுக்கச் சொன்னார். வலது குழாயில் 80 சதவீதம், இடது முன்குழாயில் 50. லெஃப்ட் மெயின் என்கிற இடது முதன்மைக் குழாய் சுத்தம், இதயத்தின் பலமும் சரியாக இருந்தது. “அப்ப அவசரமில்லை” என்றார் அவர். 80 சதவீத அடைப்புக்கு அவசரமில்லையா என்று பெரியம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

ஏன் அவசரமில்லை

நம் எல்லாருக்கும் மனதில் இருப்பது வாய்க்கால் கணக்கு. குப்பை அடைத்திருக்கிறது, எடுத்துவிட்டால் தண்ணீர் ஓடும், எடுக்காவிட்டால் வயல் காயும். படியேறும்போது வரும் வலிக்கு இந்தக் கணக்கு சரிதான். மாரடைப்புக்குச் சரியில்லை. மாரடைப்பு பெரும்பாலும், குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு திடீரென வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. வெடிக்கிற இடம் ஏற்கெனவே 80 சதவீதம் அடைத்த இடமாக இருக்க வேண்டும் என்றில்லை. 40 சதவீத இடமும் வெடிக்கும். ஸ்டென்ட் ஓர் இடத்தைத் திறக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டினும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் எல்லாக் குழாய்க்கும் போகின்றன.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2007-இல் வந்த கரேஜ் ஆய்வில் 2,287 பேர்: நல்ல மருந்து மட்டும் ஒரு பக்கம், மருந்தோடு ஸ்டென்ட் ஒரு பக்கம். சாவிலும் மாரடைப்பிலும் வித்தியாசம் இல்லை. பழைய கால ஸ்டென்ட், லேசான நோயாளிகள் என்று சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று 37 நாடுகளில், இந்தியாவையும் சேர்த்து, 5,179 பேரை வைத்து இஸ்கீமியா என்ற ஆய்வு நடந்தது. இதயத்துக்குப் போகும் ரத்தம் கணிசமாகக் குறைவது பரிசோதனையில் தெரிந்தவர்கள்தான் அதில். 2020-இல் முடிவு வந்தது. மூன்று வருடத்துக்குச் சற்றுமேல் தொடர்ந்து பார்த்தும், முதலிலேயே ஆஞ்சியோ செய்து ஸ்டென்டோ பைபாஸோ வைத்தவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. ஆனால் தினமும் வாரமும் வலி வந்துகொண்டிருந்தவர்கள், வைத்த பிறகு மருந்துக்காரர்களைவிட நிம்மதியாக நடந்தார்கள்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ‘வைக்காவிட்டால் செத்துப்போவேனா’ என்பதில்லை. ‘இந்த வலி என் பிழைப்பை எவ்வளவு கெடுக்கிறது’ என்பதுதான். இதற்குப் பதில் சொல்லத் தகுந்தவர் நோயாளி. திரையில் தெரியும் சதவீதத்தால் இதைச் சொல்ல முடியாது.

இரண்டு விலக்குகளை மறக்கக் கூடாது. லெஃப்ட் மெயினில் கணிசமான அடைப்பு இருப்பவர்களையும், இதயத்தின் பலம் மிகவும் குறைந்தவர்களையும் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு இந்த ‘அவசரமில்லை’ பொருந்தாது.

மாத்திரை வழி

கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதால் இதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. மாத்திரைகள் இரண்டு ஜாதி. ஒன்று ஆயுளுக்கு: ஆஸ்பிரின், அட்டார்வாஸ்டாடின் அல்லது ரோசுவாஸ்டாடின் என்கிற ஸ்டேட்டின். இவை வலியைக் குறைக்காது. அதனாலேயே மக்கள் இவற்றைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். “கொலஸ்ட்ரால் நார்மல் ஆயிடுச்சு, அதான் விட்டுட்டேன்” என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்வார். மாத்திரை போடுவதால்தான் நார்மல் என்று நானும் வாரத்துக்கு ஒருமுறை சொல்வேன். இதய நோயாளிக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே போக வேண்டும் என்கிறார்கள். லேப் சீட்டில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல் 100’ இவர்களுக்கானதில்லை.

இன்னொரு ஜாதி வலிக்கு. மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர்கள் நாடியை 60 பக்கம் இறக்கி இதயத்தின் வேலையைக் குறைக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு யோசித்துத்தான் தருவார்கள். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது, வலி திரும்பி வந்து மோதும். ஆம்லோடிபைன் போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், அதை மூட்டு வலி என்று நினைத்துத் தைலம் கேட்பார்கள். போதவில்லை என்றால் ரானோலசின், ஐவாப்ராடின், நிகோராண்டில் என்று போகும். ரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரேட்டில் நீண்ட நேரம் வேலை செய்யும் வகையைக் காலையும் பிற்பகலும் போடச் சொல்லி, இரவுக்கு விட்டுவிடுவார்கள். எழுதியதில் பிழை என்று சிலர் திருத்திக் கேட்பார்கள். பிழை இல்லை. இடைவெளி விடாவிட்டால் உடம்பு அதற்குப் பழகி மருந்து வேலை செய்யாமல் போய்விடும்.

அப்புறம் சட்டைப் பையில் இருக்க வேண்டிய நாக்கடி மாத்திரை, நம் ஊரில் சார்பிட்ரேட். அதுவும் நைட்ரேட்தான். ஒரு பாட்டி மூன்று மாதமாக அதைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார். “அரை மணி கழிச்சுத்தான் கேக்குதுப்பா” என்றார். விழுங்கினால் அப்படித்தான். முதலில் உட்கார வேண்டும், நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், கரைய விட வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவீர்கள். தலை கிண்ணென்று வலிக்கும், அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். ஐந்து நிமிடத்தில் வலி போகாவிட்டால் 108. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கடையில் மெதுவான குரலில் கேட்கப்படும் விஷயம். ஆண்மைக்கான சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கூடவே கூடாது. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். இரண்டையும் ஒரே ஆள் இரண்டு கடையில் வாங்கினால் எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

வேதிப்பெயரில் பார்த்தால் இந்த நைட்ரேட் வெடிமருந்தின் உறவு. டைனமைட் செய்யும் நைட்ரோகிளிசரினை 1879-லேயே ஆஞ்சைனாவுக்குக் கொடுத்து எழுதினார் லண்டன் மருத்துவர் வில்லியம் மரல். டைனமைட்டால் பணக்காரரான ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

மாத்திரை வழியின் குறை என்ன? தினமும் ஐந்தாறு மாத்திரை, ஆயுள் முழுக்க. அதோடு, கரேஜ் ஆய்வில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு நான்கைந்து வருடத்துக்குள் வலி அடங்காமல் எப்படியும் ஸ்டென்டோ பைபாஸோ தேவைப்பட்டது. அப்படி மாறுவது தோல்வி இல்லை. மூன்றில் இருவருக்குத் தேவைப்படவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்டென்ட் வழி

1977 செப்டம்பரில் ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலில் பலூன் விட்டு இதயக் குழாயை விரித்தார். அந்த வழியில்தான் பின்னால் ஸ்டென்ட் வந்தது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது இது உயிர் காக்கும் சிகிச்சை, அதில் மறுபேச்சே இல்லை. நிலையான வலியில் இதன் பலன் வலிக் குறைவு. அதுவும் எவ்வளவு என்று கேட்டார்கள் லண்டனில். 2017-இல் வந்த ஆர்பிட்டா ஆய்வில் 200 பேருக்கு மயக்கம் கொடுத்து, காதில் பாட்டு மாட்டி, பாதிப் பேருக்கு மட்டும் ஸ்டென்ட் வைத்தார்கள். மற்றவர்களுக்கு வைத்த மாதிரி பாவனை. எல்லாரும் ஏற்கெனவே நல்ல மருந்தில் இருந்தவர்கள். ஆறு வாரம் கழித்து நடக்க வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 16 நொடி சொச்சம், தற்செயலாகவும் வந்திருக்கலாம். இதய மருத்துவ உலகமே சண்டை போட்டுக்கொண்டது. 2023-இல் அதே குழுவினர் வலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி செய்தார்கள். இப்போது ஸ்டென்ட் ஜெயித்தது: வைத்தவர்களில் 40 சதவீதத்தினருக்கு வலி அறவே போனது, பாவனைக்காரர்களில் 15 சதவீதம். வைத்தும் பாதிக்கு மேல் கொஞ்சம் வலி மிச்சம் இருந்தது என்பதையும் இதே எண்தான் சொல்கிறது.

ஸ்டென்டின் பெரிய வசதி, இரண்டு மூன்று நாளில் வீடு. விலையும் முன்போல இல்லை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது, பின்னால் கொஞ்சம் மாறியிருக்கிறது. மருத்துவமனைச் செலவு தனி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பலரும் முன்கூட்டி யோசிக்காத விஷயம் அதற்குப் பிறகான மாத்திரை. நிலையான ஆஞ்சைனாவில் வைத்தால் வழக்கமாக ஆறு மாதம் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரலும் போட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். குடலிறக்க ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வைத்திருப்பவர், அல்சரில் ரத்தம் போனவர், மாத்திரை மறக்கிறவர், இவர்கள் ஸ்டென்டுக்கு முன் இதைப் பேசியே ஆக வேண்டும். ஸ்டென்ட் வைத்தால் மாத்திரையே வேண்டாம் என்று நம்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மாத்திரை கூடும்.

பைபாஸ்

மூன்றிலும் கடினமானது இது. நெஞ்செலும்பைப் பிளந்து, மார்புத் தமனியையும் காலிலிருந்து ஒரு சிரையையும் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) எடுத்து, ரத்தம் அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும்படி ஒட்ட வேண்டும். பழையபடி ஆக இரண்டு மூன்று மாதம். ஆனால் சிலருக்கு இதுதான் உண்மையில் ஆயுளைக் கூட்டுகிறது: லெஃப்ட் மெயின் அடைப்பு, பலவீனமான இதயத்தோடு மூன்று குழாய் அடைப்பு, சர்க்கரையோடு பல குழாய் அடைப்பு. கடைசியாகச் சொன்னது நம் ஊரில் ஏராளம். 2012-இல் வந்த ஃப்ரீடம் ஆய்வில் 1,900 சர்க்கரை நோயாளிகள். ஐந்து வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்தால் ஸ்டென்டில் 26.6 சதவீதம், பைபாஸில் 18.7. பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம். அதனால் சர்க்கரையும் மூன்று குழாய் அடைப்பும் உள்ளவரிடம் “நாலு ஸ்டென்ட் வெச்சுடலாம்” என்றால், அறுவை நிபுணரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்வது மரியாதைக் குறைவில்லை. மார்புத் தமனி பத்து வருடம் கழித்தும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். கால் சிரைகளில் பாதிவரை அதற்குள் அடைத்துவிடும்.

மற்றவை

‘ஆபரேஷன் இல்லாத பைபாஸ்’ என்று சுவரெழுத்து போடுகிறார்களே, அது கால்களில் பட்டை கட்டி இதயத் துடிப்போடு சேர்த்து அமுக்குவது. ஒரு முறைக்கு ஒரு மணி நேரம், மொத்தம் 35 முறை. எதற்கும் அடங்காத வலி உள்ளவர்களுக்குச் சற்று நிவாரணம் தரலாம். அடைப்பைக் கரைக்காது, பைபாஸுக்கு ஈடும் இல்லை. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சீடர் வினிகர், தேன் கலந்த வாட்ஸ்அப் கஷாயம் குழாய் அடைப்பைப் போக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ரசமாக நினைத்துக் குடிக்கலாம், ஸ்டேட்டினை நிறுத்திவிட்டுக் குடிக்கக் கூடாது.

ஆஞ்சியோ நார்மல், ஆனால் வலி மட்டும் நிஜம் என்று சிலர் உண்டு, பெண்கள் அதிகம். படத்தில் தெரியாத நுண்குழாய்களில் கோளாறு இருக்கலாம். ‘மனசுதான் காரணம்’ என்று அனுப்பிவிட்டால் அங்கேயே விட்டுவிடாமல், நுண்குழாய் ஆஞ்சைனாவா என்று கேளுங்கள். அங்கே ஸ்டென்டுக்கோ பைபாஸுக்கோ வேலை இல்லை, மாத்திரை வழிதான்.

யார் எதை எடுத்தார்கள்

எங்கள் தெருவில் அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு 52 வயது. ஒரு குழாயில்தான் அடைப்பு. மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டுப் பார்த்தார். மெட்டோப்ரோலால் போட்டால் மூட்டை தூக்கத் தெம்பு இல்லை, குறைத்தால் வலி. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அவர் ஸ்டென்ட் வைத்துக்கொண்டார். அவருக்கு அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். பெரியப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் தூக்குவது பூக்கூடை. அவர் மாத்திரை வழியை எடுத்தார். ஆறு மாதம் பார்ப்போம், அடங்காவிட்டால் ஆஞ்சியோ என்று டாக்டரோடு ஒப்பந்தம். சிகரெட்டை விட்டதும், தினம் பெருமாண்டி வரை நடந்ததும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தன என்று அவர் சொல்கிறார். பெரியம்மா இன்னும் அந்த 80 சதவீதத்தை விடவில்லை.

இரண்டாவது மாதம் பிடிப்பு சித்தார்த்தி படிக்கு நகர்ந்தது. அது ஐம்பத்து மூன்றாவது. அப்புறம் மெதுவாக ஏறினால் வருவதில்லை, பேசிக்கொண்டே வேகமாக ஏறினால் வருகிறது. போன மாதம் கடைக்கு வந்தபோது சட்டைப் பையிலிருந்த சார்பிட்ரேட் பட்டையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மாத்திரைதான் கிழித்திருந்தார். மீதி அப்படியே இருந்தது, தேதி முடிந்துபோயிருந்தது. புதுப் பட்டை ஒன்று கொடுத்தேன். காசு வாங்கிக்கொள் என்று கல்லா மேல் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.